கேப்டன் கந்தகத்தின் தொந்தி

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஜாபர் ஃபேன்சி ஸ்டோர் எங்கே என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். பொம்மை பாய் கடை என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டிலிருந்தே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள். இத்தனைக்கும் அந்தக் கடையில் விற்பது வளையல், ரிப்பன், சாந்துப்பொட்டு, பவுடர் டப்பா. பொம்மை விற்பனைக்கே கிடையாது. கல்லாவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி, அதற்கு ஒரு பூட்டு, உள்ளே சாண் உயரத்தில் பிளாஸ்டிக் பொம்மைகள். "பாய், அது இன்னா வெல?" என்று கை நீட்டுகிற பிள்ளைகளுக்கு ஜாபர் ஒரு ஆரஞ்சு மிட்டாயைக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுவார். நாற்பது வயது, மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையைத் தவறவிடாத மனிதர். அப்படிப்பட்டவர் பொம்மைக்குப் பூட்டுப் போட்டு வைத்திருந்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

அவை லேசுப்பட்ட பொம்மைகள் அல்ல என்பது ஜாபரின் கட்சி. சில வருஷங்களுக்கு முன்னால் மெட்ராஸிலிருந்து 'காந்தப்படை' என்று ஒரு காமிக்ஸ் வந்துகொண்டிருந்தது. உலகத்தைக் காப்பாற்றுவதற்கென்றே அதில் ஆறு பேர். மின்சார மங்கை, டாக்டர் தவளை, நிழல் நாகப்பன், இரட்டைமண்டை, குட்டி பூகம்பம், இவர்களுக்கெல்லாம் தலைவராக கேப்டன் கந்தகம். கேப்டன் வாயைத் திறந்து ஊதினால் மஞ்சள் புகை வரும், எதிரி மயங்கி விழுவான். ஒன்றரை வருஷம் உலகத்தைக் காப்பாற்றினார்கள். சொந்தக் கம்பெனியைக் காப்பாற்ற அவர்களால் முடியவில்லை. கேப்டனை எரிமலைக்குள் தள்ளிவிட்டு, அப்புறம் என்ன ஆயிற்று என்று சொல்லாமலே கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். கேப்டன் பிழைத்தாரா இல்லையா என்று இன்றைக்கும் ஜாபருக்குத் தெரியாது.

கடைசிப் பக்கத்துக் கூப்பன்களை வெட்டி அனுப்பினால் ஒரு பொம்மை தபாலில் வரும். கள்ளக்குறிச்சிக்கு அந்தக் காமிக்ஸின் ஏஜெண்டே ஜாபர்தான். விற்காமல் கிடந்த பிரதிகளில் கத்தரிக்கோலை வைத்து ஆறு பேரையும் வரவழைத்துவிட்டார். விற்காமல் கிடந்ததற்குப் பஞ்சமே இல்லை.

ஆறிலும் அருமையானது கேப்டன் கந்தகம். மஞ்சள் சட்டை, முதுகில் துணி, தூக்கிய வலது கை, முறுக்கிய மீசை, கூடவே ஒரு தொந்தி. காமிக்ஸில் கேப்டனுக்கு வயிறு பலகை மாதிரி இருக்கும். பொம்மையை வார்த்த அச்சில் ஏதோ கோளாறாகி, முதலில் வந்த சில கேப்டன்கள் மட்டும் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள்போல வந்துவிட்டார்கள். கம்பெனி சுதாரித்துக்கொண்டு அச்சை மாற்றிவிட்டது. "தொந்தி வச்ச கேப்டன் தமிழ்நாட்டுலயே நாலஞ்சி பேருகிட்டதான் கீது" என்று ஜாபர் பெருமையாகச் சொல்வார். மீதி மூன்று நான்கு பேர் யாரென்று கேட்டால் தெரியாது.

பொம்மைகளை முதலில் வீட்டுக்குத்தான் கொண்டுபோனார். அவர் மனைவி ஷர்புன்னிசா வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"உருவப் பொம்ம வூட்டுக்குள்ள இருந்தா அல்லா அனுப்பற வானவருங்க, மலக்குங்க வரமாட்டாங்க. அந்தப் பக்கமே வச்சிக்கிங்க ஒங்க படைய" என்றாள். சொல்லிவிட்டு, கேப்டனை மட்டும் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "இது நீங்கதான? அதே மீச, அதே தொந்தி. கைய தூக்கிக்கினு யாரயோ வெரட்டறதுகூட அப்பிடியே. சட்ட ஒண்ணுதான் மஞ்ச."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. படை கடைக்குத் திரும்பியது.

இப்போது அலமாரியில் இருந்தது ஐந்து பேர்தான். நடுவில் கேப்டன் நிற்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. அங்கே வேறு எதையும் வைக்காமல் ஜாபர் தினமும் தூசி மட்டும் துடைத்து வந்தார். அவருக்குத் தூக்கம் கெட்டுப்போன கதை அந்தக் காலி இடத்தில்தான் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி அடைமழையில் ஜாபருக்கு விஷக்காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். டாக்டரே கையை விரித்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். அந்த நாட்களில் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தவன் கண்ணாயிரம். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கண்ணாயிரம் ஊரோரத்தில் கரும்பு வைத்திருக்கிறான். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்புவதும், வெட்டுக் கூலிக்கு ஆள் கூட்டிவரக் கல்வராயன் மலைக்கு ஏறி இறங்குவதும் அவன் பிழைப்பு. காமிக்ஸை ஓசியில் படிப்பதற்கென்றே கடைக்கு வருகிறவன். கேப்டன் வந்த அன்றே, "இத எனக்குக் குட்றா, டிராக்டர் முன்னால வச்சிக்கிறேன்" என்று வாய்விட்டுக் கேட்டவன்.

ஜாபர் பிழைத்தார். எலும்பும் தோலுமாகக் கடைக்கு வந்து, முதல் வேலையாக அலமாரியைப் பார்த்தார். கேப்டனைக் காணோம். பூட்டு பூட்டினபடி இருக்கிறது, சாவி இருந்த கல்லாவில் உட்கார்ந்திருந்தவன் கண்ணாயிரம். இதற்கு மேல் துப்பறிய என்ன இருக்கிறது?

"எங்கனா உழுந்திருக்கும்டா, பாப்போம்" என்றான் கண்ணாயிரம், முகத்தைப் பார்க்காமல். ஷர்புன்னிசாவைக் கேட்டதற்கு, "உசுரு பொழச்சி வந்தீங்களேன்னு நாங்க கும்புட்டுக்கினு இருக்கோம், ஒங்களுக்கு பொம்ம கேக்குதா?" என்று எரிந்து விழுந்தாள்.

நாம் சாகக் கிடந்தபோது கடையைப் பார்த்துக்கொண்டவனைத் திருடன் என்று சொல்ல வாய் வருமா? வராது. மனசில் வைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் முடியுமா? அதுவும் முடியாது. அதனால் ஜாபர் தன் அளவுக்கு ஒரு தண்டனையைக் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் கண்ணாயிரம் கடைக்கு வந்தால் டீக்கடைப் பக்கம் திரும்பி ஒரு விரலைத்தான் காட்டுவார். ஒரு டீ வரும், அதைத் தானே குடிப்பார். கண்ணாயிரம் போன பிறகு அலமாரியில் மற்ற ஐந்து பேரும் இருக்கிறார்களா என்று சரிபார்ப்பார். கண்ணாயிரம் இதையெல்லாம் பார்த்தும் பார்க்காதவனாக, பழைய காமிக்ஸைப் புரட்டிவிட்டுப் போவான். அவன் திரும்பத் திரும்ப வந்ததே ஜாபருக்கு எரிச்சலாக இருந்தது.

இந்த நிலைமையில்தான் எண்பத்தேழாம் வருஷம் ஆவணிக் கடைசியில் ஒரு நாள், பிச்சைமுத்து என்கிற ஜீப் டிரைவர் மகளுக்கு ரிப்பன் வாங்க வந்தான். கல்வராயன் மலைமேல் இருக்கிற வெள்ளிமலைக்கும் அடிவாரத்துக்கும் ஜீப் ஓட்டுகிறவன். அலமாரியைப் பார்த்தவன், "இதே ஜாதி பொம்ம ஒண்ணு எங்க பக்கத்து வீரன் கோயில்ல கீதே" என்றான்.

ஜாபருக்கு ரிப்பனை அளந்த கை நின்றுவிட்டது. "எப்பிடி இருக்கும்?"

"மீச இருக்கும். ஒரு கைய தூக்கிக்கினு. வவுறு மட்டும்..." பிச்சைமுத்து நாகரிகமாக ஜாபரின் வயிற்றைப் பார்த்தான். "கொஞ்சம் ஜாஸ்தி."

அந்தக் கோயிலில் நோய் தீர வேண்டிக்கொள்கிறவர்கள் மண்ணால் செய்த ஆள் உருவம் ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதை உரு என்பார்கள். படுத்துக் கிடக்கிற ஆளுக்குப் பதில் அந்த உரு சாமிக்கு முன்னால் நிற்கும். மண் உருக்களுக்கு நடுவில் இந்தப் பிளாஸ்டிக் ஆள் எப்படி வந்தான் என்று பிச்சைமுத்துவுக்குத் தெரியவில்லை. "புரட்டாசி பொறந்தா பழய உருவெல்லாம் அள்ளி ஓடையில உட்டுடுவாங்க பாய். பாக்கறதுன்னா சீக்கிரம் போயி பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஓடையிலா? தமிழ்நாட்டிலேயே நாலைந்துதான் இருக்கிற பொம்மையையா? ஜாபர் மறுநாளே கிளம்பியிருப்பார். ஆனால் அதற்குள் பஸ் நின்றுவிட்டது.

இடஒதுக்கீடு கேட்டு ஜில்லா முழுக்கச் சாலை மறியல். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, கடைவீதியில் ஷட்டர்கள் பாதி இறங்கியிருந்தன. எங்கெங்கோ போலீஸ் சுட்டதாகவும் ஆட்கள் விழுந்ததாகவும் சேதி வந்துகொண்டிருந்தது. எது நிஜம், எது வதந்தி என்று யாருக்கும் தெரியாமல் ஊரே குரலைத் தாழ்த்திப் பேசியது. அப்படிப்பட்ட வேளையில் ஒரு மனிதன், பஞ்சும் பழைய பனியன் துணியும் வைத்த செருப்புப் பெட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பொம்மையை அழைத்துவரக் கிளம்பினால் அவன் மனைவி என்ன செய்வாள்?

"ஒங்களுக்கு புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்றாள் ஷர்புன்னிசா. "ரோட்ல மரம் கெடக்குது. ஜனங்க கொதிச்சிப்போயி கீறாங்க. மூணு புள்ளைங்களோட நான் இங்க குந்திக்கினு இருக்கறேன். ஒரு பொம்மைக்காவ போறீங்களா?"

"அது பொம்ம இல்ல நிசா. அது கேப்டன்."

"அது அங்க இல்லவே இல்லீங்க. சொன்னா கேளுங்க."

"ஒனக்கு எப்பிடி தெரியும்?"

அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பேச்சில் கணவனை நிறுத்த முடியாமல் ஷர்புன்னிசா வாயை மூடியது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. ஜாபர் அதைத் தன்னுடைய வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

காலையில் கடை வாசலுக்கு வந்தபோது கண்ணாயிரம் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தான். ஷர்புன்னிசா ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறாள்.

"வேணாம்டா ஜாபரு. ஊரு அடங்கட்டும்" என்றான்.

"ஏன், நான் போனா ஒனக்கு இன்னா?"

"ஒனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா எனக்குதான்டா."

"நடந்தாச்சும் போவேன்."

கண்ணாயிரம் சைக்கிள் மணியைத் தேய்த்தான். பிறகு பெருமூச்சு விட்டான். "பின்னால குந்து."

இப்படியாக ஜாபர், தன் பொம்மையைத் திருடியவன் ஓட்டுகிற சைக்கிளில் கேரியரில் உட்கார்ந்து, அந்தப் பொம்மையைத் தேடிப் புறப்பட்டார். முன்னால் வியர்த்துக்கொண்டிருந்த முதுகைப் பார்க்கப் பார்க்க அவருக்கு எல்லாம் விளங்கியது. மலைக்கு ஏறி இறங்குகிறவன் இவன். கோயிலில் பொம்மை. தன் வீட்டில் யாருக்கோ உடம்புக்கு வந்திருக்கும், மண் உருவுக்குச் செலவழிக்க மனசில்லாமல் கடையிலிருந்து கேப்டனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மேட்டில் கண்ணாயிரம் மூச்சு வாங்கியபோது இறங்கி நடக்கலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. திருடனுக்கு என்ன தயவு என்று உட்கார்ந்தே இருந்துவிட்டார்.

கச்சிராயபாளையம் ரோட்டில் முதல் மரம் கிடந்தது. பெரிய புளி. அதன்மேல் இளவட்டங்கள் உட்கார்ந்திருந்தார்கள், கண்கள் எல்லாம் தூக்கமில்லாமல் சிவந்து கிடந்தன. எழுந்து வந்தவன் கண்ணாயிரத்தின் அண்ணன் மகன் தமிழரசன். படித்துவிட்டு வேலை கிடைக்காமல் நாலு வருஷமாக அலைகிறவன்.

"எங்க சித்தப்பா? வைத்தியத்துக்குப் போறவங்கள தவுர யாரயும் உடறதில்லன்னு முடிவு பண்ணிக்கிறோம்."

ஜாபர் செருப்புப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கண்ணாயிரம் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னான்: "வைத்தியம் மாதிரிதான்டா. இவன் சாவக் கெடந்தான் இல்ல, அப்ப மலையில இவன் பேருக்கு வேண்டுதல் வச்சாங்க. உரு வச்சது இன்னும் அங்க நிக்கிது. ஓடையில உடறதுக்குள்ள இவன் ஒரு தபா போயி பாக்கணும்."

அடேயப்பா, என்ன புளுகு! ஜாபர் அசந்துபோனார். கண்ணை இமைக்காமல், குரல் தடுமாறாமல் சொல்கிறான். இந்த வாய் இருக்கிறவன் எதைத்தான் திருடமாட்டான்?

தமிழரசன் ஜாபரை ஏற இறங்கப் பார்த்தான். "பாயிக்கு வீரன் கோயில்ல வேண்டுதலா?"

"நோவுக்கு இன்னாடா பாயி, நாயுடு?" என்றான் கண்ணாயிரம்.

தமிழரசன் சிரித்துவிட்டான். அவனும் இன்னொருவனுமாகச் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். ஜாபர் தாண்ட முடியாமல் கிளையில் மாட்டிக்கொண்டு நின்றபோது அவரையும் தூக்கி வைத்தார்கள். "பாத்து போங்க பாய். போலீசு வண்டிய கண்டா வயலுக்குள்ள எறங்கிடுங்க" என்று சொல்லி அனுப்பினான் தமிழரசன். அதைச் சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. ஜாபருக்கு அந்தப் பையனுக்காகக் கொஞ்சம் பயமாக இருந்தது.

அப்புறமும் மரங்கள் வந்தன. ஒவ்வொரு மரத்திலும் கண்ணாயிரம் அதே புளுகைச் சொன்னான், ஜாபர் ஒவ்வொரு முறையும் நோயாளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அடிவாரத்தில் பிச்சைமுத்துவின் ஜீப் கீழே இறங்க வழியில்லாமல் சும்மா நின்றது. மலைப்பாதையில் தடை ஏதும் இல்லை. ஜீப் ஏறத் தொடங்கியதும் கண்ணாயிரம் நெளிய ஆரம்பித்தான்.

"பூசாரி இருக்கமாட்டாருடா. வெத வெதைக்க போயிருப்பாரு."

"இருக்கறப்போ பாக்கறேன்."

"இருந்தாலும் அவருக்கு காது சரியா கேக்காது. நீ ஒண்ணு கேட்டா அவரு ஒண்ணு சொல்லுவாரு. எதயும் நம்பாத."

"பூசாரிக்கு காது கேக்காதுன்னு ஒனக்கு எப்பிடி தெரியும்?"

கண்ணாயிரம் வெளியே சாமை வயலைப் பார்த்துக்கொண்டான். ஜாபர் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மாட்டிக்கொண்டான், இன்றைக்கு வசமாக மாட்டிக்கொண்டான் என்று உள்ளுக்குள் குதூகலம்.

வெள்ளிமலைக்கு முன்னாலேயே ஜீப்பை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடந்தார்கள். கோயில் என்று சொல்ல ஒரு பெரிய மரமும் ஒரு கல் மேடையும்தான். மேடையை அன்று காலையில்தான் கூட்டிக் கழுவியிருந்தார்கள். பழைய மண் உருக்கள் ஒன்றுகூட இல்லை, எல்லாம் ஓடைக்குப் போய்விட்டன. ஈரமாக, மொட்டையாகக் கிடந்த அந்த மேடையின் நடுவில் ஒரே ஒருவர் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

கேப்டன் கந்தகம்!

சட்டையின் மஞ்சள் வெளுத்து மோர் நிறத்துக்கு வந்திருந்தது. முதுகுத் துணி போன இடம் தெரியவில்லை. நெற்றியில் அப்பிய குங்குமம் மீசைவரைக்கும் வழிந்திருந்தது. தொந்தி மட்டும் அப்படியே இருந்தது.  எரிமலைக்குள் விழுந்த ஆள் உயிரோடு திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது ஜாபருக்கு.

மரத்துக்குப் பின்னாலிருந்து பூசாரி சின்னக்கண்ணு விளக்குமாறோடு வந்தார். கண்ணாயிரத்தைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"வா கண்ணாயிரம்! அன்னிக்கி மழையில நனஞ்சிக்கினு தனியா வந்து இந்த உருவ வச்சிட்டு போனே. அப்பால இந்தப் பக்கமே காணோமே?"

ஜாபர் மூன்று வருஷமாகக் காத்திருந்த நேரம் அது. பெட்டியைக் கீழே போட்டார்.

"பாத்தியா! பாத்தியா! நான் அப்பவே நெனச்சேன். ஏன்டா, நான் சாவக் கெடக்கறப்போ என் கடையில குந்திக்கினு என் பொம்மயயே திருடி... வேணும்னா கேட்டிருந்தா குடுத்திருக்கமாட்டேனா?"

கொடுத்திருக்கமாட்டார். அது அவருக்கும் தெரியும். கண்ணாயிரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சின்னக்கண்ணுவுக்குத்தான் கோபம் வந்தது. காது கேட்காத மனிதருக்குத் திருடு என்கிற வார்த்தை மட்டும் நன்றாகக் கேட்டிருந்தது.

"யாரு திருடனது? வெத்தல பாக்கு வச்சி, பேரு சொல்லி, மொறயா எறக்கன உரு இது. கீழ ஊர்ல ஒரு பாயி காய்ச்சல்ல நெனவில்லாம கெடக்கறாருன்னு அவரு சம்சாரம் குடுத்து உட்டுச்சி. பேருகூட சொன்னானே... ஜாபரு!"

ஜாபருக்குக் கோபத்தில் தூக்கிய கை தூக்கினபடியே நின்றுவிட்டது. மேடையில் ஒருவரும் மேடைக்குக் கீழே ஒருவருமாக, இரண்டு பேரும் ஒரே மாதிரி நின்றார்கள். சின்னக்கண்ணு இவரைப் பார்த்தார், அதைப் பார்த்தார், மறுபடி இவரைப் பார்த்தார்.

"அட, நீதானா அது?" என்றார்.

கண்ணாயிரம் அப்புறம்தான் பேசினான். மெதுவாக, கல்லில் உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

"டாக்டரு கைய விரிச்ச அன்னிக்கி நிசா தங்கச்சி ஆஸ்பத்திரி வராண்டாவுல குந்திக்கினு அழுதுதுடா. எங்க வூட்டுக்காரி கமலா கூட இருந்தா. மலையில ஒரு வீரன் கீறாரு, ஆளு மாதிரி ஒரு உரு வச்சா நோவு எறங்கிடும்னு சொன்னா. அந்த மழையில கொசவரு சூள போடல, மண்ணு உரு எங்கயும் கெடைக்கல. தங்கச்சி கொஞ்ச நேரம் யோசிச்சிது. அப்பால கண்ண தொடச்சிக்கினு கடைக்கு வந்து அலமாரிய தொறந்துச்சி. 'அண்ணே, மண்ணு இல்லன்னா இன்னா, அவரு மாதிரியே இங்க ஒண்ணு நிக்கிது'ன்னு எடுத்து என் கையில குடுத்துச்சி."

"ஏன்டா சொல்லல?"

"சத்தியம் வாங்கிடுச்சி. வூட்ல பொம்ம வெக்கக்கூடாதுன்னு ஒன்ன வாசல்லயே நிறுத்தனது அது. அதுவே பொம்மய கோயில்ல வச்சிதுன்னு தெரிஞ்சா ஊரு ஒரு பக்கம் பேசும். ஊர உடு, நீ காலம்பூரா கிண்டல் பண்ணியே கொன்னுருவ."

"நான் ஒன்ன திருடன்னு..."

"தெரியும். ஒரு டீ சொல்லுவியே, அப்பவே தெரியும்."

ஜாபருக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ரோட்டில் மரத்துக்கு மரம் கண்ணாயிரம் சொன்னது புளுகு அல்ல, மூன்று வருஷத்தில் அவன் வாய்விட்டுச் சொல்ல முடிந்த ஒரே நிஜம் அது. தலைக்கு மேல் கையைத் தூக்கிக்கொண்டு எதிரியை விரட்டுகிற அந்தச் சாண் உயர மனிதரை ஜாபர் நிமிர்ந்து பார்த்தார். தான் நினைவில்லாமல் கிடந்த நாளெல்லாம் இவர் இங்கே மழையில் தனக்குப் பதிலாக நின்றிருக்கிறார். தன் மனைவி, பொம்மை என்றால் முகம் சுளிக்கிறவள், எந்தக் கோயில் வாசலையும் மிதிக்காதவள், தன் உயிருக்காக இவரை இங்கே நிறுத்தியிருக்கிறாள்.

"மண்ணு மண்ணோட போயிடும்" என்றார் சின்னக்கண்ணு. "இது கரையாது. ஓடையில உட்டாலும் மெதந்து ஏதாச்சும் ஒரு கரையில ஒதுங்கும். அதான் உட்டுட்டேன். ஆளு இருக்கற வரைக்கும் நிக்கட்டும்னு." பிறகு கீழே கிடந்த பெட்டியைப் பார்த்தார். "எடுத்துக்கினு போவத்தான் வந்தியா? ஒன் உரு, ஒன் இஷ்டம். ஆனா எறக்கி வச்சத திருப்பி எடுத்தா நோவும் கூடவே வரும். பாத்துக்க."

ஜாபருக்கு அந்த நம்பிக்கை கிடையாது. பிழைத்தது அல்லாவின் கிருபை, ஊசி போட்ட டாக்டரின் கைராசி. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கை நீட்டினால் கேப்டன் எட்டுகிற தூரம். மூன்று வருஷமாக அந்தக் காலி இடத்தைத் துடைத்த கை அது. நீட்டினார். பெட்டியிலிருந்த பனியன் துணியால் கேப்டனின் முகத்தையும் தொந்தியையும் துடைத்தார். மீசையில் வழிந்திருந்த குங்குமத்தை ஒரு ஓரமாக ஒதுக்கினார். சாய்ந்திருந்தவரை நேராக நிறுத்தினார். அவளாக எடுத்து வைத்ததை எடுக்க அவருக்குக் கை வரவில்லை. காலிப் பெட்டியைச் சின்னக்கண்ணுவிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

அடிவாரத்து டீக்கடையில் ஜாபர் இரண்டு விரலைக் காட்டினார். கண்ணாயிரம் வாங்கிக் குடித்தான். குடித்து முடித்ததும் ஜாபர் மறுபடியும் இரண்டு விரலைக் காட்டினார்.

"போதும்டா" என்றான் கண்ணாயிரம். "மூணு வருசத்து டீயயும் இன்னிக்கே ஊத்திடுவியா?"

திரும்பும்போது சைக்கிளை ஜாபர்தான் மிதித்தார். கண்ணாயிரம் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னான், அவர் கேட்கவில்லை. அந்தத் தொந்தியோடு மேட்டில் நாலு மிதி மிதிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. இரண்டு தடவை வயலுக்குள் போய் விழுந்தார்கள். புளியமரத்தடியில் தமிழரசன் இன்னும் உட்கார்ந்திருந்தான். "உரு பாத்தாச்சா பாய்?" என்று கேட்டான்.

"பாத்தாச்சி தம்பி. அச்சு அசல் நான்தான்" என்றார் ஜாபர். அந்தப் பையன் முழுசாக இருந்ததில் அவருக்கு நிம்மதியாக இருந்தது.

வீட்டு வாசலில் ஷர்புன்னிசா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தாள். சேறும் சிராய்ப்புமாக வந்தவரைப் பார்த்ததும் முதலில் உயிர் வந்தது, அப்புறம் கோபம் வந்தது. திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றினாள், திட்டிக்கொண்டே தட்டு வைத்தாள். கடைசியாக, கேட்கப் பயந்துகொண்டே கேட்டாள்.

"போன காரியம் இன்னாச்சி?"

வழியெல்லாம் ஜாபர் யோசித்து வைத்திருந்தார். மூன்று வருஷம் அவள் ஒளித்து வைத்ததைத் தெரியாதவராகவே இருந்துவிடுவது. அதுதான் அவளுக்குச் செய்கிற மரியாதை.

"அது நம்ம கேப்டன் இல்ல. எவனோ செஞ்ச வேற பொம்ம."

அவள் மூச்சு விட்டது அடுப்பங்கரை வரைக்கும் கேட்டது. அடுத்த நிமிஷம் பழைய ஷர்புன்னிசா திரும்பி வந்துவிட்டாள். "அதான் நான் அப்பவே சொன்னேன். கேட்டாதான? சரி, அலைஞ்சதுல அந்தத் தொந்தியாச்சும் கொறஞ்சிருக்கும்னு பாத்தா, அதுவும் கொறயல" என்று சோற்றைப் போட்டாள்.

இத்தனை நேரம் கட்டி வைத்திருந்த வாய் அந்த இடத்தில் அவிழ்ந்துவிட்டது.

"கொறயக் கூடாது நிசா" என்றார் ஜாபர், தட்டைப் பார்த்துக்கொண்டே. "கொறஞ்சா மலைமேல நிக்கிறவருக்கும் எனக்கும் அடையாளம் ஒத்துப்போவாது."

கரண்டி பாத்திரத்திலேயே நின்றுவிட்டது. அவர் தலை நிமிரவில்லை. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியாமல் தோள் குலுங்கியது. பிறகு முந்தானையை எடுத்துவிட்டு, கண்ணைத் துடைக்காமலே அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

"பெருநாளைக்கு ஒங்களுக்கு மஞ்ச சட்ட எடுக்கட்டுங்களா?" என்றாள்.